ஏழாவது பல்

ஜனவரி 2, புதன்

ஹார்டுவேர் கடைக்காரர் இந்த வருஷமும் டைரி கொடுத்தார். அட்டையில் லட்சுமி, உள்ளே பக்கத்துக்குப் பக்கம் பெயின்ட் விளம்பரம். கூடவே ஒரு பேனா. டைரி பரவாயில்லை, பேனா மகா மட்டம். இரண்டு வரி எழுதுவதற்குள் விரலிடுக்கில் வழுக்கித் திரும்பிக்கொள்கிறது. ஓசியில் வந்ததை என்ன சொல்ல.

இந்த வருஷத்து வேலை ஒன்றே ஒன்றுதான். வண்டி கோத்தகிரி ஏற வேண்டும். பிப்ரவரி 17ஆம் தேதி பழைய கார் சங்கத்தின் மலை ஓட்டம். என் வண்டி முப்பத்தெட்டாம் வருஷத்தில் சீமையில் செய்து கப்பலில் வந்தது. வால்பாறையில் ஒரு எஸ்டேட் கொட்டகையில், அதன் பின் சீட்டில் கோழி முட்டையிட்டுக்கொண்டிருந்த நிலையில் வாங்கினேன். பன்னிரண்டு வருஷமாக ஒவ்வொரு போல்ட்டாகக் கழற்றி மாட்டி ஓட வைத்திருக்கிறேன். சமவெளியில் ஓடாத ஊர் இல்லை. மலைக்குத்தான் இன்னும் போகவில்லை. இந்த முறை பெயர் கொடுத்துவிட்டேன். என் மனைவி சுலோச்சனாவும் வருகிறேன் என்று சொல்லிவிட்டாள். பன்னிரண்டு வருஷத்தில் அவளாக வாய் திறந்து வருகிறேன் என்று சொன்னது இதுதான் முதல் தடவை.

மலை ஓட்டத்துக்கு ஒரு நிபந்தனை உண்டு. அடிவாரத்து ஏற்றத்தில் வண்டியை நிறுத்தி, கால் பிரேக்கை விட்டுவிட்டு, கை பிரேக்கில் மட்டும் இரண்டு நிமிஷம் நிற்க வேண்டும். நகர்ந்தால் அங்கிருந்தே வீட்டுக்குத் திரும்ப வேண்டியதுதான். மாலை எங்கள் வாசல் ஏற்றத்தில் நிறுத்திப் பார்த்தேன். ஒரு சாண் பின்னால் போய்விட்டது.

ஜனவரி 6, ஞாயிறு

காலையிலேயே கை பிரேக் லீவரைக் கழற்றினேன். இரண்டு முன் சீட்டுகளுக்கும் நடுவில் நிற்கிற முழ நீளக் கம்பி. அடியில் பிறை மாதிரி ஒரு இரும்பு வில்லை, அதன் விளிம்பில் பற்கள். லீவரை இழுக்க இழுக்க ஒரு சின்ன நாக்கு பல் பல்லாக ஏறி மாட்டிக்கொள்ளும். ஏழாவது பல்லில் நின்றால் வண்டி மலைபோல நிற்கும். இப்போது பற்களெல்லாம் கிழவன் வாய் மாதிரி மழுங்கிக் கிடக்கின்றன. நாக்கின் நுனியும் உருண்டுவிட்டது. எண்பது வருஷம் இழுத்தால் எது தேயாமல் இருக்கும்.

குறை கண்ணுக்குத் தெரிந்ததில் எனக்கு ரொம்ப சந்தோஷம். பம்ப் ஃபேக்டரியில் இன்ஸ்பெக்‌ஷனில் முப்பது வருஷத்துக்கு மேல் இருந்தவன் நான். லேத்தில் ஒரு சாமான் தப்பாக வந்தால் மற்ற சூப்பர்வைசர்கள் ஆளைத்தான் முதலில் திட்டுவார்கள். நான் மைக்ரோமீட்டரை எடுப்பேன். ஆளைக் குறை சொல்லும் முன்னால் சாமானை அள என்பது என் சட்டம். ஆறுச்சாமி என்ற பெயரை அளவுச்சாமி என்று பையன்கள் கிண்டலாக மாற்றியதே அதனால்தான். ஆனால் அவர்களில் ஒருவன்கூட என்னால் அநியாயமாகத் திட்டு வாங்கியதில்லை.

மாலை ஒரு வரவேற்புக்குப் போனோம். புதுச் சட்டை. தையல்காரன் பொத்தான் துளையை ஊசி முனைக்கு வைத்திருக்கிறான். நேரமாகிவிட்டது என்று சுலோச்சனாவே வந்து போட்டுவிட்டாள்.

ஜனவரி 9, புதன்

கணபதி ஏரியாவில் முபாரக்கின் பட்டறை. வெல்டிங்கில் கெட்டிக்காரன், வாக்கில் அல்ல. “நாளைக்குத் தர்றனுங் சார்” என்றால் நாலு நாள் என்று எடுத்துக்கொள்ள வேண்டும். இன்று பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டேன். பற்களின் மேல் வெல்டிங் வைத்து மேடாக்கினான். அதை ஒவ்வொன்றாக அரத்தால் ராவிப் பல்லாக்க வேண்டும். அதை நானே செய்கிறேன் என்று அரத்தை வாங்கினேன். நான் இடது கைக்காரன். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் முட்டியில் அடித்துப் பார்த்தும் மாறவில்லை. சோறு மட்டும் வலது கையில், அதில் அம்மா விட்டுக்கொடுக்கவில்லை. மற்றபடி எழுத்து, அரம், சுத்தியல், ஸ்பேனர் எல்லாம் இடதுதான்.

முபாரக்கின் அரத்துக்குப் பிடி சரியில்லை. இரண்டு முறை நழுவிக் கீழே விழுந்தது. மூன்றாவது முறை அவனே வாங்கிக்கொண்டான்.

“விடுங் சார். நீங்க பாத்துச் சொல்லுங்க, நான் ராவறேன்.”

வாடிக்கையாளரின் கால் மேல் விழுந்துவிடும் என்று பயந்திருப்பான். நாக்கைப் பழைய லாரிப் பட்டையிலிருந்து வெட்டி, பழுக்கக் காய்ச்சி எண்ணெயில் முக்கிக் கெட்டியாக்கினோம். அளந்து பார்த்தேன். தலைமுடி அளவுகூட வித்தியாசம் இல்லை.

ஜனவரி 11, வெள்ளி

லீவரை மாட்டியாகிவிட்டது. பல்லில் ஏறும் சத்தம் கேட்கக் கேட்க இனிமை. டக், டக், டக், டக். நாலாவது பல் வரை வந்தது. அதற்கு மேல் ஏறவில்லை. புது நாக்கு, புதுப் பல், பழகினால் சரியாகிவிடும்.

ஊறுகாய் பாட்டிலைச் சுலோச்சனா எதற்கு இப்படி இறுக்கி மூடுகிறாளோ தெரியவில்லை.

ஜனவரி 14, திங்கள்

காப்புக் கட்டினோம். வேப்பிலை, ஆவாரம்பூ, பூளைப்பூ மூன்றையும் சேர்த்துக் கட்டி நிலையில் செருகி, கேட்டில் ஒன்று, வண்டியின் முன் பம்பரில் ஒன்று. நாளை பொங்கல். ஒவ்வொரு வருஷமும் வண்டிக்குக் கட்டுவது நான்தான். இந்த வருஷம் சணல் சரியில்லை, முடிச்சு நிற்கவே இல்லை. சுலோச்சனா பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் வேளாண்மைத் துறையில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவள். பயிரைப் பார்ப்பதுபோலவே மனிதரையும் பார்ப்பாள். பேசாமல், குனிந்து, வெகுநேரம்.

“என்ன பாக்கற?”

“ஒண்ணுமில்லீங்க. சணலைப் பாக்கறேன்.”

ஜனவரி 19, சனி

நாலு நாளாக எழுதவில்லை. இன்று நடந்ததை எழுத வேண்டும்.

உழவர் சந்தைக்கு வண்டியிலேயே போய்விட்டு வந்தோம். எங்கள் வடவள்ளி வீட்டுக்குத் தெருவிலிருந்து வாசல் கேட் வரை நல்ல ஏற்றம். ஏற்றத்தில் நிறுத்திக் கை பிரேக் போட்டேன். சுலோச்சனா இறங்கிப் போய்க் கேட்டைத் திறந்தாள். பிறகு பின்பக்கக் கேரியரில் கட்டியிருந்த காய்கறிப் பையை எடுக்க வண்டிக்குப் பின்னால் போனாள். நான் காலைப் பிரேக்கிலிருந்து எடுத்துவிட்டுக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். வண்டி நகர்ந்தது.

அவள் கத்தியது கேட்டு மிதித்தேன். உடனே நின்றது. ஆனால் அதற்குள் பம்பர் அவள் முட்டியைத் தட்டி, அவள் கைப்பிடிச் சுவரில் சாய்ந்திருந்தாள். தக்காளியெல்லாம் தெருவில் உருண்டோடின. இறங்கி ஓடினேன். கால் முறியவில்லை. முட்டிக்குக் கீழே நெல்லிக்காய் அளவுக்கு வீங்கி நீலமாகிவிட்டது. நான் ஐஸ் வைத்துக் கட்டுகிறேன் என்றேன். வேண்டாம் என்று அவளே கட்டிக்கொண்டாள்.

“பல்லு புடிக்கலீங்களா?” என்று மட்டும் கேட்டாள்.

“நாக்கு சரியா ஏறல. நாளைக்கே முபாரக்கை ஒரு புடி புடிக்கறேன்.”

அவள் தலையை ஆட்டினாள். கோபித்துக்கொண்டிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

ஜனவரி 20, ஞாயிறு

சுலோச்சனா சமையலறையிலிருந்து அம்மிக் குழவியைத் தூக்கிக்கொண்டு போய் வண்டியின் பின் சக்கரத்துக்கு அண்டை கொடுத்திருக்கிறாள். நொண்டிக்கொண்டே தூக்கியிருக்கிறாள். சமமான தரையில், ஷெட்டுக்குள், கியரில் நிற்கிற வண்டிக்கு!

“எதுக்கு இது?”

“இருக்கட்டுமுங்க.”

“வேலை செஞ்சவனுக்கு இதைவிட அவமானம் வேணுமா?”

“அவமானத்தைப் பொறவு பாத்துக்கலாம். எனக்கு இன்னொரு முட்டி இருக்குது.”

ஜனவரி 23, புதன்

முபாரக் வீட்டுக்கே வந்துவிட்டான். வந்ததும் வண்டியில் ஏறி, ஏற்றத்துக்குக் கொண்டுவந்து, லீவரை இழுத்தான். டக் டக் என்று ஏழும் ஏறியது. இறங்கி வந்து பின்னால் தள்ளிப் பார்த்தான். என்னையும் தள்ளச் சொன்னான். இம்மியும் அசையவில்லை.

“நல்லாத்தானுங் சார் புடிக்குது.”

“இப்பப் புடிக்கும். சூடானா புடிக்கறதில்ல.”

“பிரேக் எங்கீங் சார் சூடாகுது, நாலு தெரு ஓடறதுக்குள்ள?”

அவனுக்கு எதிர்வாதம் ஜாஸ்தி. அச்சாணித் துளை நீள்வட்டமாகியிருக்கும், புஷ் போடு என்றேன். போட்டான். கேபிளை இறுக்கு என்றேன். இறுக்கினான். அவன் போனபின் நான் இழுத்துப் பார்த்தேன். இப்போது மூன்றாவது பல்லிலேயே நின்றுவிடுகிறது. அதிகமாக இறுக்கிவிட்டான். எல்லாவற்றுக்கும் நானே நிற்க வேண்டியிருக்கிறது.

சுலோச்சனா ஜன்னலோரம் நின்று அவன் இழுத்ததையும் நான் இழுத்ததையும் பார்த்தாள் என்று நினைக்கிறேன்.

ஜனவரி 24, வியாழன்

கேபிளைப் பழையபடியே தளர்த்தினேன். ஸ்பேனரும் நழுவுகிறது. கிரீஸ் கையோடு வேலை செய்தால் அப்படித்தான்.

காபி டம்ளர் ஒன்று கீழே விழுந்து நசுங்கியது. சுலோச்சனா எண்ணெய்ப் பிசுக்கோடு கழுவி வைக்கிறாள்.

ஜனவரி 28, திங்கள்

பெங்களூரிலிருந்து யமுனா போன் செய்தாள். அம்மாவும் மகளும் சமையலறையில் தாழ்ந்த குரலில் வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் தண்ணீர் குடிக்கப் போனதும் பேச்சு ரசப்பொடிக்கு மாறியது. அப்புறம் போனை என்னிடம் கொடுத்தாள்.

“அப்பா, நல்லா இருக்கீங்களா?”

“எனக்கு என்ன? வண்டிதான் படுத்துது.”

“அம்மாவ ஒரு தடவ இழுக்கச் சொல்லிப் பாருங்களேன்ப்பா.”

“எதை?”

“பிரேக்கை.”

அதெல்லாம் வேண்டாம் என்றேன். அந்த வண்டியை நான் தவிர யாரும் ஓட்டியதில்லை. முபாரக்கை ஏற்றியதே அவசரத்துக்கு. நான் யோசித்துப் பார்த்ததில் கோளாறு வேறு இடத்தில் இருக்கிறது. லீவர் நீளம் போதாது. அந்தக் காலத்து வெள்ளைக்காரன் கணக்கைத் தப்பாகப் போட்டிருக்கிறான். நீளம் கூடினால் பலம் கூடும், இது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஒரு முழக் குழாயை வெட்டி லீவர் மேல் செருகினேன். ஏழாவது பல் வந்துவிட்டது! ஆனால் குழாய் கியர் போட விடாமல் இடிக்கிறது. ஒவ்வொரு முறையும் செருகி எடுக்க வேண்டும். பரவாயில்லை. அடிவாரத்தில் செருகி இழுத்துக் காட்டிவிட்டு எடுத்துவிடலாம்.

நீளம் போதாத லீவருக்கு எண்பது வருஷமாக யாரும் குழாய் செருகாதது ஏன் என்று ஒரு யோசனை வந்தது. போய்விட்டது.

ஜனவரி 30, புதன்

மளிகைக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தேன். சுலோச்சனா அதை வெளிச்சத்தில் பிடித்துப் படித்தாள்.

“உங்க எழுத்து மாறிப்போச்சுங்க.”

“பேனா சரியில்ல.”

“வேற பேனா எடுத்துட்டு வரட்டுங்களா?”

வேண்டாம் என்றேன். ஏற்கெனவே மூன்று பேனா மாற்றியாகிவிட்டது.

பிப்ரவரி 2, சனி

இன்று எழுத ஒன்றும் இல்லை. குழாயில் தண்ணீர் வந்தது.

பிப்ரவரி 3, ஞாயிறு

நேற்று எழுத ஒன்றும் இல்லை என்று எழுதியது பொய். டைரியிடமே பொய் சொல்கிற நிலைக்கு வந்துவிட்டேன். நடுநடுவே கையை உதறிக்கொண்டு இன்று எழுதுகிறேன்.

நேற்றுக் காலை ஷெட்டுக்குள் போனால் சுலோச்சனா வண்டிக்குள் உட்கார்ந்திருக்கிறாள். பயணி சீட்டில்தான். மடியில் ஒரு தொங்கு தராசு. அவள் வேலையில் இருந்தபோது வயலில் ஒரு சதுரம் அளந்து நெல்லை அறுத்து, அடித்து, எடை போட்டு மகசூல் கணக்கிடுவார்கள். அதற்கு வைத்திருந்த ஸ்பிரிங் தராசு. பரணிலிருந்து எடுத்துத் துடைத்து வைத்திருக்கிறாள்.

“உக்காருங்க” என்றாள்.

டிரைவர் சீட்டில் உட்கார்ந்தேன். அவள் தராசின் கொக்கியை லீவரின் தலையில் சணலால் கட்டினாள். அந்தச் சணல்தான், நான் குறை சொன்ன அதே சணல். ஒரு முடிச்சில் நின்றது. தராசின் வளையத்தைப் பிடித்து அவள் இழுத்தாள். டக் டக் என்று ஏழும் ஏறியது.

“முள்ளைப் பாருங்க. எவ்வளவு?”

“பதினஞ்சு.”

“ஏழாவது பல்லுக்குப் பதினஞ்சு கிலோ இழுக்கோணும். செரிங்களா?”

சரி என்றேன். அதில் மறுக்க ஒன்றுமில்லை. லீவரின் தலையிலுள்ள பொத்தானை அழுத்தி அதைக் கீழே இறக்கினாள்.

“பல்லை அளந்தீங்க. நாக்கை அளந்தீங்க. துளை, கேபிள், லீவர் நீளம் எல்லாம் அளந்தீங்க. இன்னும் ஒண்ணு பாக்கி இருக்குதுங்க. இழுக்கற ஆள்.”

எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. என்னென்னவோ சொன்னேன். நீ என்ன பெரிய இன்ஜினியரா என்றும் சொன்னேன். அவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். முட்டி வீக்கம் இன்னும் மஞ்சளாக இருந்தது, புடவை ஒதுங்கியதில் தெரிந்தது.

“இழுங்க” என்றாள். அவ்வளவுதான்.

இடது கையால் வளையத்தைப் பிடித்து இழுத்தேன். பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தேன். முள் ஏழில் நின்றது. இன்னொரு முறை. ஆறரை. மூன்றாவது முறை விரல்கள் வளையத்திலிருந்து தாமாகவே கழன்றுவிட்டன.

“வலது கையில இழுங்க.”

உடம்பைத் திருப்பிக்கொண்டு வலது கையால் இழுத்தேன். பதினெட்டு.

நான் லீவரைப் பார்த்தேன். அதன் மேல் ஒரு குறையும் இல்லை. ஜனவரி பதினொன்றாம் தேதியே அது சரியாகிவிட்டது. அதன் பிறகு நான் புஷ் போட வைத்தது, இறுக்க வைத்தது, தளர்த்தியது எல்லாம் நல்ல சாமானை. ஆளைக் குறை சொல்லும் முன் சாமானை அள என்று முப்பது வருஷம் சொன்னேனே, அளந்து முடித்தபின் ஆளைப் பார் என்று அதற்கு இன்னொரு பாதி இருக்கிறது. ஃபேக்டரியில் அந்தப் பாதியும் எனக்குத் தெரியும். இழுக்கிற ஆள் நான் என்கிறபோதுதான் மறந்துபோனது.

“எத்தன நாளாத் தெரியும் உனக்கு?”

“தீவாளிக்கு மத்தாப்பு கொளுத்தறப்போ கையிலிருந்து விழுந்துதே, அப்பவே. ரெண்டு மூணு தடவ சொல்ல வந்தேன். நீங்க பேனாவைத் திட்டிட்டிருந்தீங்க.”

“சாப்பிடறப்போ ஒண்ணும் தெரியலையே.”

“சாப்பிடறது வலது கையிலங்க.”

எனக்குப் பயமாக இருக்கிறது. இதை எழுதிவிட வேண்டும். மலை போனால் போகட்டும், கை போய்விடுமோ என்று பயம். அதைவிட, அன்றைக்கு அவள் முட்டியில் நிற்காமல் வண்டி இன்னும் ஒரு அடி போயிருந்தால் என்ற பயம். இரண்டு வாரமாக இந்தப் பயம்தான் முபாரக் மேல் கோபமாக வந்துகொண்டிருந்தது.

பிப்ரவரி 6, புதன்

நரம்பு டாக்டர். மின்சார ஊசி வைத்துக் கையைத் துடிக்க வைத்து ஒரு சோதனை, பிறகு கழுத்துக்கு ஸ்கேன். கழுத்தெலும்பு தேய்ந்து, இடது கைக்குப் போகும் நரம்பை அழுத்துகிறதாம். தினமும் பயிற்சி, மூன்று மாதம் கழித்து மறுபடி சோதனை. அதற்குள் பலம் திரும்பாவிட்டால் ஆபரேஷன்.

“தேய்மானம்தான் சார், வயசாச்சுல்ல” என்றார். பல் தேய்ந்தால் வெல்டிங் வைத்து ராவிக்கொள்ளலாம் என்று எனக்குத் தோன்றியது.

“வண்டி ஓட்டறதை நிறுத்திருங்க. உக்காந்து போறதுக்குத் தடையில்லை.”

சுலோச்சனா அதைத் தன் பையில் இருந்த காகிதத்தில் குறித்துக்கொண்டாள். குறித்துக்கொள்ளாமலே எனக்கு நினைவிருக்கும்.

பிப்ரவரி 7, வியாழன்

சங்கச் செயலாளர் நந்தகோபாலுக்குப் போன் செய்து பெயரை எடுத்துவிடுங்கள் என்று சொல்ல இருந்தேன். நம்பரைத் தேடி எடுத்தேன். அவர் எடுக்கவில்லை. நானும் திரும்பச் செய்யவில்லை.

பிப்ரவரி 9, சனி

மாலை ஷெட்டுக்குப் போனேன். லீவர் மேல் செருகிய அந்த முழக் குழாயை வண்டிக்குள் கிடக்க விட்டிருந்தேன், அதைப் பார்க்கவே பிடிக்கவில்லை, எடுத்து எறியலாம் என்று. டிரைவர் பக்கம் ஸ்கூட்டர் நின்றுகொண்டு வழியை மறித்தது. சுற்றிப் போய் இடது பக்கக் கதவைத் திறந்து பயணி சீட்டில் உட்கார்ந்தேன். பன்னிரண்டு வருஷத்தில் அந்தச் சீட்டில் நான் உட்கார்ந்ததே இல்லை. அங்கிருந்து பார்த்தால் வண்டி வேறு வண்டிபோல இருக்கிறது.

குழாயை எடுக்க வலது கையை நீட்டினேன். கை லீவர் மேல் போய் அமர்ந்தது. இடையில் இருக்கிற லீவர். டிரைவருக்கு இடது கைப் பக்கம், பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு வலது கைப் பக்கம். பேசாமல் இழுத்தேன். டக், டக், டக், டக், டக், டக், டக்.

அங்கேயே உட்கார்ந்து மறுபடி இறக்கினேன், மறுபடி இழுத்தேன். சத்தம் கேட்டுச் சுலோச்சனா வந்து நின்றாள். கையில் கரண்டி. எண்ணிக்கொண்டுதான் வந்திருக்கிறாள்.

“ஏழா?” என்றாள்.

“ஏழு.”

அவள் முகத்தைப் பார்க்காமல் கேட்டேன். “நீ டிபார்ட்மென்ட் ஜீப் ஓட்டினியே, அதுல கியர் மாத்த ரெண்டு தடவ கிளட்ச் மிதிக்கோணுமா?”

“கீழ் கியருக்கு மிதிக்கோணும். ஆனைமலைல டிரைவர் லீவு போட்ட நாளெல்லாம் யாரு ஓட்டினதுன்னு நெனைச்சீங்க? சேத்துலயும் ஓட்டினேன், மலையிலயும் ஓட்டினேன்.”

“இதுவும் அப்படித்தான். கொஞ்சம் முரண்டு பிடிக்கும்.”

“பன்னெண்டு வருஷமா இதை நீங்க கேப்பீங்களான்னு பாத்துட்டே இருக்கேன்” என்றாள். கிண்டலாகத்தான் சொன்னாள், ஆனால் கண் கலங்கியிருந்தது. எனக்கும்தான். பிறகு சாவி எங்கே என்று கேட்டாள். அடுப்பில் குழம்பு இருக்கிறது என்பதை நான்தான் ஞாபகப்படுத்தினேன்.

பிப்ரவரி 12, செவ்வாய்

மருதமலை ரோட்டில் பழகுகிறோம். என்னைவிட நன்றாக ஓட்டுகிறாள் என்று எழுத மாட்டேன். என்னைவிட மெதுவாக ஓட்டுகிறாள். கியர் ஒருமுறைகூடக் கத்தவில்லை.

என் வாய்தான் அடங்க மறுக்கிறது. “இப்ப மிதி, இப்ப விடு” என்று சொல்லிக்கொண்டே வந்தேன். ஒரு இடத்தில் வண்டியை ஓரங்கட்டி நிறுத்திவிட்டாள்.

“உங்க வேலை லீவரு. என் வேலை மத்ததெல்லாம். பேசறதுன்னா இறங்கி நடந்து வாங்க.”

ஒவ்வொரு முறை ஷெட்டில் விட்டதும் அம்மிக் குழவியைச் சக்கரத்துக்குக் கீழே வைத்துவிட்டுத்தான் போகிறாள். நான் ஒன்றும் சொல்வதில்லை. வண்டிக்குப் பின்னால் அவள் போவதே இல்லை என்பதைக் கவனித்தேன். பையை எடுப்பதானாலும் பக்கவாட்டில் நின்று எட்டி எடுக்கிறாள். அந்த நாளிலிருந்தே அப்படித்தான். இவ்வளவு நாள் நான் கவனிக்கவில்லை.

பிப்ரவரி 16, சனி

டயருக்குக் காற்று, ரேடியேட்டருக்குத் தண்ணீர், ஒரு கேன் கூடுதலாக. முபாரக் வந்து ஒருமுறை எல்லாவற்றையும் பார்த்துவிட்டுப் போனான். போன மாதம் அவன் மேல் பாய்ந்ததற்கு மன்னிப்புக் கேட்டேன். “எனக்கு அப்பவே தெரியுமுங் சார், பொண்டாட்டிகிட்டச் சொன்னேன்” என்றான். ஊருக்கே தெரிந்திருக்கிறது.

குழவியையும் சாக்கில் சுற்றி வண்டியில் ஏற்றியிருக்கிறாள், முன் சீட்டுக்கு அடியில்.

பிப்ரவரி 18, திங்கள்

இதை வலது கையால் எழுதுகிறேன். முதல் தடவை. கோழி கிளறின மாதிரி இருக்கிறது. எந்த வாத்தியார் அடித்தும் வராதது இப்போது வருகிறது. காலையில் தொடங்கி, விட்டு விட்டு, மாலையாகிவிட்டது.

நேற்று அடிவாரத்தில் எங்கள் முறை வந்தபோது வண்டியைச் சுற்றி ஒரே கூட்டம். நந்தகோபால் குனிந்து உள்ளே பார்த்தார். நான் இடது பக்கம், சுலோச்சனா ஸ்டியரிங்கில்.

“என்னுங் சார், சீட்டு மாறி உக்காந்திருக்கீங்க?”

“அவ ஓட்டறா. கை பிரேக் நான்.”

“பிரேக்கை டிரைவரு தானுங்க இழுக்கோணும்?”

நான் வாயைத் திறப்பதற்குள் சுலோச்சனா சொன்னாள். “வண்டி நிக்கோணும்னுதான் சட்டத்துல போட்டிருக்குது. யாரு இழுக்கறதுன்னு போடலீங்க. படிச்சுட்டுத்தான் வந்தேன்.”

அவர் யோசித்துவிட்டுக் கடிகாரத்தைக் கையில் எடுத்தார். ஏற்றத்துக்கு வந்து நின்றோம். நான் இழுத்தேன். ஏழு. அவள் காலை எடுக்கும் முன் என்னை ஒரு பார்வை பார்த்தாள். நான் தலையை ஆட்டினேன். எடுத்துவிட்டாள். வண்டி அசையவில்லை. இரண்டு நிமிஷமும் என் கை லீவரிலேயே இருந்தது. நாக்கு பிடித்துக்கொண்டிருக்கிறது, கை வேண்டியதில்லை என்று தெரிந்தும் எடுக்க முடியவில்லை. நந்தகோபால் கைதட்டினார். கூட்டமும் தட்டியது.

மேலே போகப் போக அவள் பாட்டுக்கு ஓட்டினாள். நான் ஒரு வார்த்தை பேசவில்லை. இரண்டு வளைவில் நாக்கைக் கடித்துக்கொண்டேன். பாதி மலையில், டீக்கடை எதிரே சரிவில் நிறுத்தச் சொன்னாள், எஞ்சின் ஆறட்டும் என்று. இழுத்தேன். ஏழாவது பல்லில் மாட்டியது. அவள் இறங்கினாள். குழவியை எடுக்கப்போகிறாள் என்று நினைத்து நான் காலைத் தள்ளி வழிவிட்டேன். அவள் சீட்டுக்கு அடியில் கையே விடவில்லை. கதவைச் சாத்திவிட்டு, வண்டியைச் சுற்றி நேராகப் பின்பக்கம் போய், பம்பருக்கு ஒரு முழம் தள்ளி நின்றுகொண்டு பள்ளத்தாக்கைப் பார்க்க ஆரம்பித்தாள்.

கண்ணாடியில் அவள் முதுகு தெரிந்தது. லீவரை இன்னும் இறுக்கிப் பிடித்தேன்.

“இறங்கி வாங்க” என்றாள் திரும்பாமலே. “மேட்டுப்பாளையம் மொத்தமும் தெரியுது.”

“நீ இக்கட்ட வா. அங்க நிக்காத.”

“கையை எடுங்க. அது நிக்கும்.”

ஒவ்வொரு விரலாக எடுத்தேன். வண்டி நின்றது. கதவைத் திறந்து இறங்கி, நானும் போய் அவள் பக்கத்தில், வண்டிக்குப் பின்னால் நின்றேன். டீ வந்தது. வலது கையில் வாங்கிக்கொண்டேன்.